அபிதா தேடிய ஆறு பாடங்கள்

சித்திகாவின் விரல்களுக்கு மறைமலை நகரில் தனி மரியாதை இருந்தது. கார்களுக்குள் ஓடும் ஒயர் கட்டுகளைச் செய்யும் கம்பெனி அது. செய்து முடித்த கட்டைக் கடைசியாகத் தடவிப் பார்த்து அனுப்பும் செக்கிங் டேபிளில் பதினோரு வருஷமாக நின்றாள். உள்ளே ஒரு இழை அறுந்திருந்தாலும் மெஷின் சொல்வதற்கு முன்பே அவள் விரல் சொல்லிவிடும். பொழிச்சலூரிலிருந்து பல்லாவரம் வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில் என்று மழையும் வெயிலும் பார்க்காமல் வந்து போகிறவள். அந்தக் கட்டுகள் தயாராகும் லைனுக்கு லீடர் ஆக வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை.

2008 மார்ச்சில் அந்த இடம் காலியாயிற்று. கூடவே ஒரு வில்லங்கமும் வந்தது. கம்பெனி புதிதாக ஒரு ஆன்லைன் பயிற்சித் தளத்தை வாங்கிப் போட்டிருந்தது. பதவி உயர்வு கேட்கிறவர்கள், தாங்கள் கேட்கும் வேலைக்குப் பொருத்தமான ஆறு பாடங்களை அதில் தாங்களே தேடிப் படித்து, ஜூன் முடிவதற்குள் பரீட்சையும் எழுதிவிட வேண்டும். தளத்தில் இருந்ததோ மூவாயிரம் பாடங்கள்! நோட்டீஸ் போர்டில் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். யார் எந்த வேலைக்கு என்று அதில் போடவில்லை. சித்திகாவின் பெயருக்கு மேலே அபிதாவின் பெயர் இருந்தது. அவளும் லைன் லீடருக்குத்தான் என்று நினைத்து, அன்றைக்கே சித்திகாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

அபிதகுஜாம்பாள் என்ற முழுப் பெயரைக் கேட் பாஸில் மட்டும் வைத்திருந்த பெண் அவள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான். ஒயரைத் தொட்டால் அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் ராணிதான். டிரெயினிங் ரூமில் ஷிஃப்ட் முடிந்ததும் ஆளுக்கு அரை மணி நேரம் என்று முறை வைத்தார்கள். ஓரத்துக் கம்ப்யூட்டர் இவர்கள் இருவருக்கும். முதலில் அபிதா, பிறகு சித்திகா.

முதல் நாள் சித்திகா தேடல் பெட்டியில் லீவ் லெட்டர் எழுதுகிற மாதிரி, 'நான் லைன் லீடர் ஆக விரும்புகிறேன், எந்தப் பாடம் படிக்க வேண்டும்' என்று முழு வாக்கியத்தையும் இங்கிலீஷில் அடித்தாள். ஒன்றும் இல்லை என்றது தளம். கோபத்தில் 'குவாலிட்டி' என்று மட்டும் தட்டினாள். ஆயிரத்து நூறு பாடங்கள் வந்து கொட்டின. முதலில் இருந்ததைத் திறந்தால், ஹோட்டல் சமையலறையில் காய்கறி வாங்குவது எப்படி என்று ஒருவன் விளக்கிக்கொண்டிருந்தான். திறந்ததைப் பாதியில் விட வெட்கப்பட்டு முழுசாகக் கேட்டாள்.

பின்னால் நின்ற அபிதா, "அக்கா, ரெண்டே வார்த்தை போடுங்க. அப்புறம் லெஃப்ட் சைடுல நம்ம தொழில், லெவல், எவ்ளோ நேரம், எல்லாத்தையும் டிக் பண்ணுங்க. ஆயிரம் வந்தது பத்தாயிடும். சேர்றதுக்கு முன்னாடி அந்தச் சின்னக் குறிப்பைப் படிச்சுப் பாருங்க, அவ்ளோதான்" என்றாள்.

"எனக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பாரு" என்றாள் சித்திகா. நேற்று வந்தவளிடம் பாடம் கேட்கவா?

அடுத்த நாள்தான் அந்தச் சங்கதி அவள் கண்ணில் பட்டது. பெட்டியில் ஒரு எழுத்தைத் தட்டியதும், அதே கம்ப்யூட்டரில் அபிதா அதற்கு முன்பு தேடிய வார்த்தைகள் கீழே வரிசையாக வந்து நின்றன. ஒன்றை அழுத்தினால், அவள் திறந்து பார்த்த பாடம் மட்டும் நிறம் மாறிக் கிடந்தது. சித்திகாவுக்கு ஒரே சந்தோஷம். இனி எதற்குத் தேட வேண்டும்?

இருப்புக் கணக்கு, சரக்கு அடுக்கும் முறை, ஒரு மாதத்துக்கு வேண்டிய பொருளை முன்கூட்டித் திட்டமிடுவது என்று அபிதா திறந்தவை ஆறு பாடங்கள். லைன் லீடருக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு தடவை மனசு கேட்கத்தான் செய்தது. அபிதாவுக்கு என்னவோ உள்விவகாரம் தெரிந்திருக்கிறது, அதனால்தான் இதைப் படிக்கிறாள் என்று பொறாமை பதில் சொல்லிவிட்டது. ஆறு பாடங்களையும் நோட்டில் எழுதி, ரயிலில் மனப்பாடம் செய்து, பரீட்சையில் வெளுத்துக்கட்டினாள்.

ஜூலை முதல் தேதி டிரெயினிங் ஆபீசர் ராஜாராமன் கூப்பிட்டார். பட்டியலைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"சித்திகா, நீங்க கேட்டது லைன் லீடர். இதுல அதுக்கு ஒரு கோர்ஸ் கூட இல்லையேம்மா. ஆறும் ஸ்டோர்ஸ் பிளானிங். தேதி முடிஞ்சு போச்சு, இனிமே அதுக்கு வெளியிலேர்ந்துதான் ஆள் எடுப்பாங்க."

சித்திகா கையிலிருந்த நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"ஸ்டோர்ஸ்ல ஒரு இடம் இருக்கு. அபிதாதான் கேட்டிருந்தா. ஆனா மார்க்ல நீங்கதான் ஃபர்ஸ்ட். சம்மதம்னா சைன் பண்ணுங்க" என்று தாளைத் திருப்பி வைத்தார்.

யோசித்திருக்கலாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். இந்தத் தடவை அபிதாவின் பெயருக்கு மேலே தன் பெயர் இருந்தது. அதைத் தவிர வேறு எதுவும் அவள் கண்ணில் படவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் ஸ்டேஷனில் அபிதா ஓடி வந்தாள். "இன்னாக்கா, லைன் லீடர் ஆயிட்டீங்களா? ஸ்வீட் எங்க?"

"இல்ல. ஸ்டோர்ஸ் பிளானிங் குடுத்தாங்க."

அபிதா சிரிப்பை நிறுத்தினாள். "அது நான் கேட்ட இடம்க்கா. லைன் லீடர்னா நீங்கதான் வரணும், உங்க கை யாருக்கு வரும்? அதனாலதான் நான் அதுக்குப் பேரே குடுக்கல" என்றாள்.

நாளை முதல் ஒயரைத் தொட வேண்டியதில்லை, அட்டைப் பெட்டிகளை எண்ணினால் போதும் என்பது அப்போதுதான் சித்திகாவுக்கு உறைத்தது. விரல்களை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

ரயில் வந்தது. அபிதா முண்டியடித்துக்கொண்டு லேடீஸ் பெட்டியில் ஏறினாள். சித்திகா கடைசியாக ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இங்க வாங்க. இடம் போட்டு வச்சிருக்கேன்." ஜன்னல் ஓரத்திலிருந்து அபிதாவின் குரல். அவள் கண் சிவந்திருந்தது. தினமும் செய்வது போலவே பக்கத்து இடத்தில் தன் டிபன் பையை வைத்திருந்தாள்.

சித்திகா போய் உட்கார்ந்தாள். இவ்வளவுக்குப் பிறகும் இடம் போட்டு வைக்கிற மனசு இந்தப் பெண்ணுக்கு எப்படி வாய்த்தது என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அந்த மனசின் மேலும் அவளுக்குப் பொறாமை வந்தது.