எடுத்துக் கொடுக்காத ஒரு வரி

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தமும் ஒரு நாடகத்தின் கடைசி நான்கு பக்கம். அதையும் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, காதால் கேட்டது.

நியூயார்க்கில் கட்டடங்கள் விழுந்த மறு வருடம், அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் இர்விங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். மகளும் மருமகனும் காலையில் ஆளுக்கொரு காரில் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை அபார்ட்மென்டில் நான் மட்டும்தான். முக்காட்டோடு வெளியே இறங்கினால் ஒரு தடவை பார்த்தவர்கள் இன்னொரு தடவையும் பார்த்த காலம் அது. நான் வராந்தாவைத் தாண்ட மாட்டேன். அதே வராந்தாவில் எதிர் வீட்டு அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இங்கிலாந்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் இறந்த பிறகு, இங்கே வேலை பார்க்கும் மகன் கூட்டி வந்து தனி வீடு எடுத்துக் கொடுத்திருந்தார்.

அவர் நடிகை என்று மகள்தான் விசாரித்து வந்து சொன்னாள்.

"அம்பது வருஷம் டிராமா, சினிமான்னு நடிச்சிருக்காங்களாம் உம்மா."

"பார்த்தா அப்படித் தெரியலையே. பிஞ்ச செருப்பைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"உன்னைப் பார்த்தா மட்டும் சாஃப்ட்வேர் இன்ஜினியரோட உம்மான்னு தெரியுதாக்கும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஆல்பத்தைத் திறந்துவைத்துச் சொல்லுவார், மகள் தமிழில் சொல்லுவாள். மீன் கடைக்காரர் மகள். பதினாறு வயதில் ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, முதலில் துணி தேய்த்தாராம். பிறகு வேலைக்காரி வேஷம், பிறகு லண்டனில் பெரிய மேடை. சினிமாவில் ஒரே ஒரு படத்தில் கதாநாயகி, மற்றதிலெல்லாம் நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி. அவருடைய தகப்பனார் கடைசிவரை ஒரு நாடகத்துக்குக்கூட வரவில்லையாம். அதை மட்டும் ஆல்பத்தை மூடிவிட்டுச் சொன்னார்.

லண்டன் மேடையில் திரைக்குப் பக்கத்தில் வசனத் தாளோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாளாம். நடிக்கிறவர் மறந்தால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. "எனக்கு ஒரு நாளும் அவ தேவைப்பட்டதில்லை. ஆனா அவ உக்காந்திருக்காளான்னு பார்க்காம நான் மேடை ஏறினதும் இல்லை" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் உள்ளூர் லைப்ரரியில் போடுகிற ஒரு நாடகத்தில் அவருக்குக் கிழவி வேஷம் கிடைத்தது. ஏற்கனவே அவருக்கு மறதி ஆரம்பித்திருந்தது. இரண்டு தடவை அடுப்பை எரியவிட்டுத் தூங்கியிருக்கிறார். மகன் அவரை முதியோர் இல்லத்தில் விட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். "இந்த நாடகத்தை முழுசா நடிச்சுக் காட்டறேன், அப்புறம் பேசு" என்று இவர் சொல்லியிருக்கிறார். மகனும் ஒத்துக்கொண்டாராம்.

தினமும் வராந்தாவில், தன் வசனம் வருகிற கடைசி நான்கு பக்கத்தை என் மடியில் வைத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பார். எனக்கு ஆங்கில எழுத்து தெரியும், சொல் தெரியாது. ஆனால் ஐந்தாம் வகுப்பில் நின்ற நான் குர்ஆன் ஓதுகிற பள்ளியில் நிற்கவில்லை. அங்கே அர்த்தம் தெரியாமல்தான் அத்தனையும் மனனம் செய்தோம். பக்கத்தில் இருப்பவள் தடுமாறினால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்போம். மூன்று வாரத்தில் அந்த நான்கு பக்கமும் என் காதில் ஏறிவிட்டது. ஒரே இடத்தில்தான் அவர் வரி மறந்து நிற்பார். ஒரு நாள் என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது. "லீவ் த டோர், ஐ ஆம் நாட் கோல்ட்" என்றேன். அவர் என்னை அப்படியே பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதவு திறந்தே இருக்கட்டும், எனக்குக் குளிரவில்லை என்று அர்த்தம் என மகள் பிறகு சொன்னாள்.

அதிலிருந்து அந்த இடம் வந்தால் என் முகத்தைப் பார்ப்பார். நான் எடுத்துக் கொடுப்பேன்.

நாடகம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். முன் வரிசையில் ஓரத்து நாற்காலியில் என்னை உட்கார வைக்கச் சொல்லியிருந்தார். "நீ சும்மா அங்க இருந்தா போதுமாம்" என்றாள் மகள். காரை விட்டு இறங்கும்போது, "ஷோ நடக்கறப்ப பேசக்கூடாது உம்மா. இருமல் வந்தாகூட அடக்கிக்க. எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க" என்றும் சொன்னாள்.

பத்து வரிசை நிறைந்திருந்தது. முக்காடு போட்டவள் நான் ஒருத்திதான். அவருடைய மகன் எங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா பிஞ்ச செருப்போடு வராந்தாவில் இருந்தவர் மாதிரியே இல்லை. கையைத் தூக்கினால் சபை அந்தக் கையைப் பார்த்தது.

அந்த இடம் வந்தது. நின்றார். தேடினார். பிறகு என்னைப் பார்த்தார்.

வரி என் நாக்கில் இருந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில் நாலடி தூரம். சபையே என்னைத் திரும்பிப் பார்க்குமே என்று நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரோ இருமினார்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டார்கள். ஜனங்கள் இரக்கப்பட்டுக் கை தட்டினார்கள். அவருடைய மகன் தட்டவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம், வயசாயிடுச்சு" என்று மகள் கார் ஓட்டிக்கொண்டே சொன்னாள்.

மறு மாதம் அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க எதிர் வீட்டைக் காலி செய்தார்கள். அதுவரை எதிர்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் நான் உள்ளே போய்விடுவேன். கிளம்பும் அன்று மட்டும் கார் நிறுத்துகிற இடம்வரை தனியாகப் போனேன். மகன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மா முன் சீட்டில் இருந்தார். என்னைப் பார்த்து, தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பது போல மரியாதையாகச் சிரித்தார். மகன் காரின் கதவைச் சாத்த வந்தார்.

"லீவ் த டோர், ஐ ஆம் நாட் கோல்ட்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த இடத்திலிருந்து தொடங்கி, மீதி ஒன்றரைப் பக்கத்தையும் ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தார். அவருடைய மகன் கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆங்கிலம் தெரியாது.