இடது கை ஹிட்டைட்டுகள்

1. படை வந்தது

கார் கம்பெனிகள் பாகம் வாங்குவதைப் பாதியாகக் குறைத்திருந்த நேரத்தில் எங்களுக்கு ஒரு போர்ப்படை ஆர்டர் வந்தது.

எங்கள் கம்பெனி ஒரகடத்தில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கார்களுக்கான சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிறோம். ஸ்பீக்கருக்கு மேல் வரும் வலைமூடி, கதவுக் கைப்பிடியின் பின்மூடி, சைடு கண்ணாடியின் கூடு, இப்படி. இவற்றுக்கு முதலில் மோல்டு வேண்டும். எஃகுக் கட்டையில் பாகத்தின் வடிவத்தைக் குழியாக வெட்டி, அதற்குள் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி எடுப்பது. அந்த மோல்டைச் செய்கிற டூல் ரூமுக்கு நான் பொறுப்பு.

எம்.டி. ஒரு நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள்.

"இன்னா சார் இது? கொலுவுக்கா?" என்றேன்.

"கொலு இல்ல தாமு. வார் கேம். வெளிநாட்டுல பெரியவங்கதான் ஆடறாங்க. பெரிய டேபிள்ல ரெண்டு படைய நிறுத்தி, பகடை போட்டு, டேப்பால அளந்து நகத்துவாங்களாம். இது ஹிட்டைட் ஆர்மி."

"அது எந்த ஊரு சார்?"

"இப்ப துருக்கி இருக்குல்ல, அங்க. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி. எகிப்துகூட தேர் வெச்சு சண்ட போட்டவங்க. அதெல்லாம் நமக்கு எதுக்கு? பார்ட் வந்துச்சு, மோல்டு பண்ணு."

எனக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. எந்தக் காருக்குப் போகிறது என்று தெரியாமலே எத்தனையோ பாகத்துக்கு மோல்டு செய்திருக்கிறோம். கீழே கொண்டுபோய்க் காட்டியபோது மெஷின் ஆபரேட்டர் குமார் ஒரு சிப்பாயை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

"இன்னாண்ணா, நைட்டி போட்டுகினு கீறான். முடி வேற பின்னால தொங்குது. ஆம்பளயா, பொம்பளயா?"

"சிப்பாய்டா."

"மீசையே இல்லியேண்ணா."

அன்றிலிருந்து எங்கள் ஷாப் ஃப்ளோரில் அந்த ஆர்டருக்கு நைட்டி பார்ட்டி என்று பெயர். பெயர் வைப்பதில் எங்கள் ஆட்களை மிஞ்ச முடியாது.

2. எங்களுக்கு எல்லாமே ஜோடி

இங்கே தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காருக்கு இடது பக்கம், வலது பக்கம் என்று இரண்டு உண்டு. இடது கதவின் கைப்பிடியைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித்தான் வலது கதவின் கைப்பிடி இருக்கும். அதனால் ஒரே மோல்டில் பாதி இடது, பாதி வலது என்று வெட்டுவோம். ஒவ்வொரு தடவை மெஷின் திறக்கும்போதும் ஒரு ஜோடி விழும்.

எம்.டி.யும் ஒரு காலத்தில் டிசைனர்தான். குன்றத்தூரில் வாடகை ஷெட்டில் ஒரு கம்ப்யூட்டரோடு ஆரம்பித்தவர். அப்போதே தன் கையால் ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்திருந்தார். மோல்டு டிசைனில் ஒரு பக்கம் பாகத்தை வைத்தால் போதும், மறுபக்கம் அதன் கண்ணாடி வடிவம் தானாக வந்து உட்காரும். மோல்டுக்கு ஒரு நாள் வேலை மிச்சம் என்று ஆலையைப் பார்க்க வருகிற எல்லோரிடமும் சொல்வார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அந்த டெம்ப்ளேட்டில்தான் கம்பெனியே வளர்ந்தது.

சிப்பாய் மோல்டை டிசைன் செய்தவர் மகேஸ்வரி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். டூல் அண்டு டை டிப்ளமோ. படப்பையில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி ஷேர் ஆட்டோவில் வருவார். ஏற்கெனவே இரண்டு கம்பெனிகளில் கன்ஃபர்மேஷன் வருவதற்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். அவர் வேலையில் குறை ஏதுமில்லை. யாரையும் பெர்மனென்ட் ஆக்காமல் ஆளை மாற்றிக்கொண்டே இருப்பது அவர்கள் கணக்கு. எங்கள் கம்பெனியில் அவருக்குக் கன்ஃபர்மேஷன் வர வேண்டிய நேரம் அது.

"ஒரு எடத்துல பெர்மனென்ட்னு ஆயிட்டா போதும் சார். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போவும்போதும் எந்த கம்பெனி, எந்த கம்பெனின்னு கேக்காங்க. பதில் சொல்லி அலுத்துட்டு" என்று ஒரு நாள் கேன்டீனில் சொன்னார்.

மோல்டு நன்றாகவே வந்தது. ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனித்தனி எஃகுத் துண்டு வெட்டிக் கட்டையில் பதிக்கும்படி டிசைன் செய்திருந்தார். ஈட்டி முனை மாதிரி மெல்லிய இடம் உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். குழிகளை நானே பாலிஷ் செய்தேன். குழிக்குள் எல்லாமே தலைகீழாக, இடம் வலம் மாறித்தான் தெரியும். இருபது வருஷம் அதைப் பார்த்தே பழகியவனுக்கு எது இடது கை, எது வலது கை என்ற நினைப்பே வராது.

முதல் ட்ரயல் எடுத்துக் குவாலிட்டிக்கு அனுப்பினோம். அவர்கள் மூக்கிலிருந்து குதிகால் வரை அளந்தார்கள். கண்ணாடி வடிவத்துக்கும் அசலுக்கும் அளவு ஒன்றேதான். ரிப்போர்ட்டில் ஒரு சிவப்புக் குறிகூட இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

3. மேஜை மேல் வரிசை

வாங்குகிறவர் நேரில் வந்தார். உயரமான வெள்ளைக்காரர், அறுபது வயது இருக்கும், பெயர் கிரஹாம். கான்ஃபரன்ஸ் அறையில் எம்.டி., குவாலிட்டி ஆள், மகேஸ்வரி, நான். காபி வந்தது. அவர் தொடவில்லை. பையிலிருந்து நீளமான ஒரு சின்னப் பலகையை எடுத்து வைத்து, எங்கள் சிப்பாய்களை அதன் மேல் தோளோடு தோள் நிற்க வைக்க ஆரம்பித்தார்.

முதல் மூன்று பேர் சரியாக நின்றார்கள். இடது கையில் கேடயம், வலது கையில் ஈட்டி. நாலாவது ஆளை வைத்ததும் கேடயமும் கேடயமும் முட்டிக்கொண்டன. கொஞ்சம் தள்ளி வைத்தால் அவன் பலகையை விட்டு வெளியே நின்றான். அந்த ஆளுக்கு ஈட்டி இடது கையில் இருந்தது.

கிரஹாம் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தார். சரிபாதி. எங்கள் பக்கம் திரும்பி, உங்கள் படையில் பாதிப் பேருக்கு இடது கைப் பழக்கம் என்று நிதானமாகச் சொன்னார். கோபம் இல்லை. கேடயம் ஒரே பக்கம் இருந்தால்தான் வரிசை வரிசையாக இருக்கும், மூவாயிரம் வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான், இதை நான் விற்க முடியாது என்றார்.

அப்போதுதான் நாங்கள் அந்தச் சிப்பாய்களைப் பார்த்தோம். அதற்கு முன்பு அளந்திருந்தோம், அவ்வளவுதான்.

கிரஹாம் போன் பேச வெளியே போனதும் எம்.டி. கேட்டார்.

"யாரு டிசைன்?"

"நாந்தான் சார்" என்றார் மகேஸ்வரி. "நான் பாத்திருக்கணும். ஆனா டெம்ப்ளேட்ல மிரர் தானா விழுது சார். அத எடுக்காட்டி அடுத்த மோல்டும் இப்படித்தான் வரும்."

"டெம்ப்ளேட் மேல பழி போடாதம்மா. அது நான் பண்ணது. இத்தன வருஷத்துல ஒரு தப்பு வந்ததில்ல."

"சார், அவங்க சொல்றதுல ஞாயம் கீது" என்றேன்.

"பாலிஷ் போட்டது நீதானே தாமு? அப்ப உன் கண்ணு எங்க போச்சு?"

கேள்வி சரியானது. குவாலிட்டி ஆள் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

மோல்டு பிழைத்தது. தனித்தனித் துண்டாகச் செய்திருந்ததால் தப்பான பாதியை மட்டும் புதிதாக வெட்டிப் பதித்தால் போதும் என்று ஆனது. மகேஸ்வரிதான் உட்கார்ந்து மிரரைக் கையால் நீக்கி மறுபடி டிசைன் செய்து கொடுத்தார். அடுத்த ட்ரயலில் படை முழுக்க வலது கைக்காரர்கள். கிரஹாம் ஓகே சொல்லிவிட்டார்.

ஆனால் இந்தத் தொழிலில் தப்பு நடந்தால் கஸ்டமருக்கு ஒரு கரெக்டிவ் ஆக்‌ஷன் ரிப்போர்ட் போக வேண்டும். என்ன காரணம், இனி வராமலிருக்க என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும். எம்.டி.யே எழுதினார். காரணம்: டிசைனரின் கவனக்குறைவு. நடவடிக்கை: டிசைனர் மாற்றப்பட்டார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எனக்கு அன்று நல்ல கோபம் வந்தது. எம்.டி. அறைக்குப் போய், டெம்ப்ளேட்டை மாற்றாமல் ஆளை மாற்றி என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். "கஸ்டமருக்கு ஒரு ஆக்‌ஷன் காட்டணும் தாமு. புரிஞ்சுக்கோ" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

கடைசி நாள் மகேஸ்வரி ஐ.டி. கார்டைக் கொடுத்துவிட்டு டூல் ரூமுக்கு வந்தார்.

"மூணாவது கம்பெனி சார். எங்கம்மாட்ட என்ன சொல்லன்னு தெரியல."

"ஆர்டர் இல்லன்னு சொல்லும்மா."

"பொய் சொன்னா கண்டுபிடிச்சிருவா சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி வைஸ் இடுக்கியில் இருந்த கட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

4. தேர்

சிப்பாய்கள் நன்றாக விற்றுப்போனார்களாம். ஏழெட்டு மாதம் கழித்து கிரஹாம் அடுத்ததாகத் தேர் கேட்டார். ஹிட்டைட் தேரில் மூன்று பேர் நிற்பார்கள். ஓட்டுகிறவன் ஒருவன், கேடயம் பிடிக்கிறவன் ஒருவன், ஈட்டிக்காரன் ஒருவன். எகிப்துத் தேரில் இரண்டு பேர்தானாம்.

"ட்ரிபிள்ஸ் போறானுங்கண்ணா" என்றான் குமார். "ஆனா மூணு பேரும் ஹெல்மெட் போட்டுகினு கீறானுங்க. போலீஸு வுட்ருவான்."

மகேஸ்வரியின் இடத்துக்கு சீனிவாசன் வந்திருந்தார். பம்பர் செய்கிற பெரிய கம்பெனி ஒன்றில் பல வருஷம் இருந்த டிசைனர். கெட்டிக்காரர், அதிகம் பேச மாட்டார். தேர் மோல்டை அவர்தான் டிசைன் செய்தார்.

ட்ரயல் அன்று நான் கிரஹாம் அனுப்பிய மாதிரித் தேரைக் கையில் எடுத்துக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே நின்றேன். சிப்பாய்களில் அடிபட்ட பிறகு அதை ஒரு பழக்கமாக வைத்திருந்தேன். பிளாஸ்டிக் சூடு ஆறுவதற்குள் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு தேர் மாதிரியைப் போலவே இருந்தது. இன்னொன்றில் ஓட்டுகிறவன் எதிர்ப்பக்கம் நின்றான். ஈட்டி இடது கையில். நம் ரோட்டுக்கு ஒரு தேர், லெஃப்ட் ஹேண்ட் டிரைவ் ஊருக்கு ஒரு தேர்.

சீனிவாசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இங்க டெம்ப்ளேட்டே அப்படித்தானே சார் இருக்கு? ஜோடியா வேணும்போலன்னு நெனச்சேன். எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லலியே."

உண்மைதான். யாரும் சொல்லவில்லை. பிரச்சினை முடிந்துவிட்டது என்று ரிப்போர்ட்டே போய்விட்டதே, எதற்குச் சொல்வது?

இரண்டு தேரையும் எடுத்துக்கொண்டு போய் எம்.டி. மேஜையில் வைத்தேன். அவர் டிசைனர், அவருக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீனிவாசன..." என்று ஆரம்பித்தார்.

"அனுப்பிடலாம் சார். வேற ஆள் வருவாரு. அவருக்கும் இதே டெம்ப்ளேட்தான்."

இருபது வருஷத்தில் அவரிடம் அந்தக் குரலில் நான் பேசியதில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணு நம்பர் உன்கிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். நான் நலம் விசாரித்து முடிப்பதற்குள் எம்.டி. பேச ஆரம்பித்துவிட்டார்.

"மகேஸ்வரி, நான் எம்.டி. பேசறேன்மா. தேர் மோல்டு ஒண்ண சரி பண்ணணும். நீ வந்துடு. வர்ற அன்னிக்கே கன்ஃபர்மேஷன் லெட்டர் குடுத்துடறேன்."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் கேட்டது. ஏதோ ஷாப் ஃப்ளோரில் நிற்கிறார் போலிருந்தது.

"மிரர் விழுந்துட்டா சார்?"

"விழுந்துடுச்சு."

"டெம்ப்ளேட்ட மாத்தலியா?"

எம்.டி. என்னைப் பார்த்தார். "இன்னும் இல்லம்மா."

"அப்ப என்னைய எதுக்கு சார் அனுப்புனீங்க?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. ரிஜெக்ட் ஆன பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன குறை என்று கேட்பார்களே, அப்படித்தான் கேட்டார். எம்.டி. மேஜை மேலிருந்த தேரை எடுத்து மறுபடி கீழே வைத்தார்.

"நான் மறைமலை நகர்ல இருக்கேன் சார். போன மாசந்தான் பெர்மனென்ட் ஆச்சு. இனி வர முடியாது. நல்லா இருங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எம்.டி. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அந்த டெம்ப்ளேட்டைத் திறந்தார். ஜோடிப் பாகத்துக்கு ஒன்று, தனிப் பாகத்துக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கிரஹாமுக்குப் போன ரிப்போர்ட்டிலும் இந்த முறை டெம்ப்ளேட்தான் காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இந்த லைனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். தப்பு நடந்தால், அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் இது நடந்திருக்குமா என்று முதலில் கேளுங்கள். நடந்திருக்கும் என்று தோன்றினால் ஆளை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். நாங்கள் இதை இரண்டாவது ஆள் வந்த பிறகுதான் கற்றுக்கொண்டோம்.

சீனிவாசனை யாரும் அனுப்பவில்லை. தப்பான பாதியைச் சரிசெய்து கொடுத்தார், கன்ஃபர்மேஷனும் வாங்கிவிட்டார், இன்றும் எங்களோடுதான் இருக்கிறார். அது நியாயம். மகேஸ்வரிக்கும் அதே நியாயம் கிடைத்திருக்க வேண்டும்.