தறியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டோம்

போன மாதம் எங்கள் ஏரியாவில் பவர் ஷட்டவுன். காலையிலேயே தறிகள் எல்லாம் நின்றுவிட்டன. அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு அவ்வளவு அமைதியாக இருந்தால் எங்களுக்கே என்னவோ போல இருக்கும்.

அடுப்படியில் இருந்தபடி மகளைக் கூப்பிட்டேன். யாழினிக்கு மூன்றரை வயது. தறிக்கூடத்தில் உட்கார்ந்து காலி நூல் கோன்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். ஊஹூம். காது கேட்கவில்லையோ என்று பதறிப்போனேன். அதற்குள் யாரோ சேவு பாக்கெட்டைப் பிரித்தார்கள் – அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடினாள்!

அப்படியென்றால்... காது நன்றாகவே கேட்கிறது.

இத்தனை நாளாக இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். தறி ஓடும் வீட்டில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கத்தினாலும் கேட்காதே! தோளைத் தொடுவோம். தூரத்தில் இருந்தால் லைட்டை அணைத்து அணைத்துப் போடுவோம். அவளையும் தொட்டே கூப்பிட்டோம், தொட்டால் திரும்பினாள். அவளுக்கு இன்னும் பேச்சு வராததற்கும் தறிச் சத்தத்தின் மேலேயே பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

மதுரைக்குப் போய்க் காட்டலாம் என்றேன். வீட்டுக்காரர் தனக்கே நாலு வயதில்தான் பேச்சு வந்தது என்றார். (எல்லா வீட்டிலும் இப்படி ஓர் ஆள் இருக்கிறார், கவனித்திருக்கிறீர்களா?) பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் சரியாகிவிடும் என்றார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“டாக்டருக ஒரு பேர வச்சு விட்டுட்டாகன்னா, ஊரே அதச் சொல்லித்தான பிள்ளையக் கூப்பிடும்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“ஊரு கூப்பிடுறது இருக்கட்டும். நாம கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குறாளே, அதுக்கு என்ன செய்ய? வந்தா வாங்க. இல்லையா, நானும் பிள்ளையும் பஸ்ஸு ஏறிப் போறோம்.”

வந்தார்.

முதலில் காது டெஸ்ட். நார்மல். பிறகு குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் டாக்டர் தரையில் உட்கார்ந்து அவளோடு விளையாடினார். பந்தை உருட்டினார், பேர் சொல்லிக் கூப்பிட்டார், ஜன்னலைக் காட்டினார். எங்களிடம் கேள்வி மேல் கேள்வி. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவாளா? இல்லை, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள் என்றேன். சமத்து என்று நாங்கள் பெருமைப்பட்ட பல விஷயங்கள் அந்த அறையில் வேறு மாதிரித் தெரிந்தன.

ஆட்டிசம் என்றார். தறிச் சத்தத்தால் வந்ததல்ல, உங்கள் வளர்ப்பாலும் வந்ததல்ல. பயிற்சியை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அழுதேன். எவ்வளவு வீறாப்பு பேசினாலும் அழுகை வரத்தானே செய்யும்? ஆனால் ஊர் வந்து சேர்வதற்குள், எந்தெந்தக் கிழமை பயிற்சிக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம், கரண்ட் இருக்கும்போதே, வீட்டுக்காரர் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, யாழினி என்று கூப்பிட்டார். அவள் கோனை அடுக்கினாள். இவரும் ஒரு கோனை எடுத்து வைத்தார். மறுபடி கூப்பிட்டார். தினமும் இப்போது இப்படித்தான். அவள் இன்னும் திரும்பவில்லை. அவரும் விடுவதாக இல்லை.

நேற்று பக்கத்து வீட்டு மதினி வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். உங்கள் வீட்டுக்கு மட்டும் கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“கரண்டு இருக்கு மதினி. எம்பிள்ளைக்கு ஆட்டிசம். அதான் தறிய நிப்பாட்டிட்டுப் பேசிக்கிட்டு இருக்கோம்.”