மதினி நீட்டிய முத்தல் இலை

மதினி என் முகத்துக்கு நேரே ஓர் இலையை நீட்டி, "இது என்னா தம்பி?" என்று கேட்டார். கரும்பச்சையில், விரலுக்கு மொடமொடப்பாக, ஓரத்தைப் பூச்சி அரித்திருந்த முத்தல் இலை. பதினாறு வயதிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர் கேட்கிற கேள்வியா அது? நிறுவைக்கு வரிசையில் நின்ற பெண்கள் மலை அதிரச் சிரித்தார்கள். நான் அந்த இலையை அவர் கையிலிருந்து பிடுங்கித் தூர எறிந்தேன்.

மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் அவர்களுக்கு ஓர் அறை. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, நானுஓயாவில் ரயிலேறிப் போனவன். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, புத்தளத்தில் உப்பளம், மட்டக்களப்பில் செங்கல் சூளை என்று அலைந்தேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. வேலை போனால் அண்ணன் வீடு. கதவைத் திறக்கும்போதே மதினி, "வாங்க, வாங்க. காக்கா கத்துனப்பவே நெனச்சேன், ஒலையில ஒரு சுண்டு அரிசி கூடப் போடணும்னு" என்பார். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று ஒருதரம்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ரோசப்பட்டுக் கிளம்பியிருப்பேன்.

அந்த முறை வந்தபோது மலையில் கங்காணி கால் முறிந்து கிடந்தார். எனக்கு எழுத வாசிக்கத் தெரியும், சிங்களமும் பேசுவேன் என்பதற்காக அவருடைய இடத்தில் என்னைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். நிரையில் பெண்கள் பறிக்கும்போது மேற்பார்வை பார்ப்பது, நிறுவையில் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புரட்டி முத்தல் இலை இருந்தால் வெளியே எடுத்துப் போடுவது, இதுதான் வேலை. என்னைப் போன்ற நாடோடிக்கு அதிகாரம் கிடைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. ஒரு வாரத்தில் என் குரலே மாறிவிட்டது.

அது மலையில் பிணக்கு நடந்த காலம். ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவைத் தோட்டத்தில் கூட்டிவிட்டார்கள். பெண்கள் வாய்திறந்து மறுக்கவில்லை, எதிர்ப்பைக் கையில் காட்டினார்கள். சிலர் மெதுவாகப் பறித்தார்கள். சிலர் வேண்டுமென்றே முத்தல் இலையையும் குச்சியையும் சேர்த்துப் பறித்துச் சாக்கை நிரப்பினார்கள். கண்டித்தால், "எடை தானே கேட்டீங்க கங்காணி ஐயா? எடை இருக்கான்னு பாருங்க" என்று கேலி செய்வார்கள். மதினி மட்டும் அதில் சேரவில்லை. இலைக்குத் துரோகம் செய்யக் கூடாது என்பார்.

அதே நாட்களில் லயம் முழுவதும் சளிக்காய்ச்சல். சோதித்துப் பார்த்துவிட்டு, கொரோனா இல்லை, சாதாரண வைரஸ் காய்ச்சல்தான் என்று சொன்னார்கள். சாதாரணம் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் நிம்மதி. கொத்தமல்லி அவித்துக் குடித்தார்கள், இரண்டு மாத்திரை போட்டார்கள், எழுந்து மலைக்குப் போனார்கள். மதினி நான்கு நாள் படுத்திருந்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆறாம் நாள் காலை, பெரட்டில் பெயர் கூப்பிடும்போது வரிசையில் நின்றார்.

அன்றுதான் அந்த இலை. அவருடைய சாக்கைப் புரட்டியபோது உள்ளே முக்கால்வாசி முத்தல். நடுவில் புல்லும் ஒரு பன்னச் செடியும்கூட இருந்தன. "என்னா மதினி இது, நீங்களுமா?" என்றேன். அவர் சாக்குக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஓர் இலையை எடுத்து நீட்டி அந்தக் கேள்வியைக் கேட்டார். பின்னாலிருந்த கிழவி ஒருத்தி, "அப்பிடிக் கேளுடி! தொரைக்கு அதையே காய்ச்சிக் குடுக்கச் சொல்லு!" என்று கத்தினாள். சொந்த அண்ணன் பெண்டாட்டியே ஊர் முன்னால் என்னைக் கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினேன். "பொறுக்கிட்டுப் போங்க" என்றேன். அவர் குனிந்து பொறுக்கவில்லை. கொட்டிக் கிடந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். அதையும் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மதினி வைத்த தேத்தண்ணியில் சீனிக்குப் பதில் உப்பு இருந்தது. பழி வாங்குகிறார் என்று வாசலில் ஊற்றிவிட்டு வெளியே நடந்தேன். தலை வலிக்கிறது என்று அவர் நேரத்தோடு படுத்துவிட்டதாக அண்ணன் பிறகு சொன்னார். ஒரே நாளில் இரண்டு முறை அவருடைய மூளை எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறது. இரண்டையும் நான் அவமரியாதைக் கணக்கில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் மதினி தன் சொந்த மகளைக் காட்டி, "இந்தப் புள்ள யாரு, இங்க ஒக்காந்திருக்கு?" என்றார். சற்று நேரத்தில் வலிப்பு வந்தது. தோட்டத்து வண்டி வேறு எங்கோ போயிருந்தது. சாமான் கொண்டுவந்த கடைக்கார முஸ்லிம் நானா, மூட்டைகளை ரோட்டோரத்தில் இறக்கிப் போட்டுவிட்டு வேனைத் திருப்பினார். "சாமான் கெடக்கட்டும், ஏத்துங்க தம்பி" என்றார். எதிரே வந்த கொழுந்து லொறிக்கு அந்தக் குறுகிய ரோட்டில் நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். கொழுந்து தாமதித்தால் கெட்டுப்போகுமே.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஓர் இளம் சிங்கள டொக்டர், பெண். அண்ணனுக்குச் சிங்களம் சரியாக வராது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் வாய். எப்போதிருந்து பேச்சு மாறியது, நேற்று வேலைக்குப் போனாரா, அங்கே வித்தியாசமாக எதுவும் செய்தாரா என்று டொக்டர் கேட்டார். ஊர் ஊராகச் சுற்றிப் பொறுக்கிய சிங்களத்தில் நான் சொன்னேன்: "நேற்று நல்லா வேலை செஞ்சாங்க. இன்னைக்குக் காலையிலதான் இப்படி."

"என்னாடா கேக்குறாங்க?" என்றார் அண்ணன்.

"எப்போலேர்ந்துன்னு கேக்குறாங்க."

"நேத்து அந்திக்கே தல வலின்னா. அதையும் சொல்லு."

அதைச் சொன்னேன். இலையைச் சொல்லவில்லை, உப்பைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பக்கத்தில் நின்ற அண்ணனுக்கு விளங்கியிருக்காது. அப்படியும் வாய் வரவில்லை.

முதுகுத்தண்டில் ஊசி ஏற்றி நீர் எடுத்தார்கள். கண்டிக்கு அனுப்பித் தலையைப் படம் பிடித்தார்கள். மூளை வீங்கியிருந்தது. இந்தக் காய்ச்சல் வருகிற எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, மிக அபூர்வமாக யாரோ ஒருவருக்கு ஆகும், காய்ச்சல் விட்ட பிறகும் ஆகலாம் என்று விளக்கினார்கள். பல நாள் கழித்து, ஒரு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தால் எப்படி என்று அங்கே இருந்த டொக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். நீதான் கெடுத்தாய் என்று சொல்லியிருந்தால் அதைச் சுமந்துகொண்டு போயிருப்பேன். உன்னால் அல்ல என்றிருந்தால் இறக்கி வைத்திருப்பேன். சொல்ல முடியாது என்பதை எங்கே வைப்பது?

மதினி பிழைத்தார். அவர் வீட்டுக்கு வருவதற்குள் நான் ஹட்டனுக்குப் பஸ் ஏறிவிட்டேன். கூட்டிய அளவைத் தோட்டம் கொஞ்ச நாளில் திரும்பக் குறைத்ததாகக் கேள்விப்பட்டேன். இன்றைக்கும் அந்த மலையில் பெண்கள் பெருமையாகச் சொல்கிற கதை ஒன்று இருக்கிறது: சொந்தக் கொழுந்தன் என்றும் பார்க்காமல், கங்காணி மூஞ்சியில் முத்தல் இலையை நீட்டி, இது என்னா என்று கேட்ட துணிச்சல்காரி ஒருத்தி. அந்தக் கதையை மறுக்க வேண்டுமானால் என் கதையைச் சொல்ல வேண்டும். மறுக்கவில்லை.

போன மாதம் போயிருந்தேன். எனக்கென்று உலையில் ஒரு சுண்டு அதிகம் போட யாரும் இல்லை. மகள்தான் சமைக்கிறாள், அளந்து சமைக்கிறாள். மதினி லயத்து வாசலில், வேலியோரமாக நிற்கிற ஒற்றைத் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பகலெல்லாம் அங்கேதானாம். வலது கை நடுங்குகிறது. பெயர்கள் போய்விட்டன. எல்லா ஆண்களும் அவருக்குத் தம்பிதான், அண்ணன் உட்பட. ஆகையால் என்னைத் தம்பி என்று அழைத்ததில் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை.

அவர் செடியைத் தடவித் தடவி ஓர் இலையை ஒடித்து என் உள்ளங்கையில் வைத்தார். கரும்பச்சை, மொடமொடப்பு. மேலே கண்ணெதிரே கொழுந்து தளதளவென்று நின்றது, அதை விட்டுவிட்டிருந்தார்.

"சரியா இருக்கா தம்பி?"

அண்ணன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை மொழி தெரியாதவர் யாரும் அங்கே இல்லை.

"நல்லாப் பறிச்சிருக்கீங்க மதினி" என்றேன். டொக்டரிடம் சொன்ன அதே பொய், இரண்டாம் முறையாக. இலையை எறியாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.