பிரதீபா எழுதிய பூச்சியம்

லிஃப்ட் கதவு திறந்ததும் பிரதீபா முதலில் மூக்கைத்தான் வேலைக்கு விடுவாள். மீன் பொரிகிறதா, சாம்பிராணி புகைகிறதா, யாராவது சீரகம் வறுக்கிறார்களா என்று நடைபாதையில் நின்றபடியே பிரித்துச் சொல்லிவிடுவாள். "907இல மிளகாய்த்தூளுக்கு வறுக்கினம். பத்து நிமிசத்தில அலாம் அடிக்கும், இருந்து பாருங்கோ," என்று கூட வருபவரிடம் சொல்வாள். ஏழாவது நிமிடத்தில் அடிக்கும்.

தீயணைப்புப் படையில் அவளுக்கு இது பன்னிரண்டாவது வருடம். வயது முப்பத்தெட்டு, உயரம் ஐந்தடி இரண்டங்குலம். தலைக்கவசம், காற்று உருளை, கோடரி எல்லாம் சேர்ந்தால் அவளுடைய எடையில் பாதி வரும். கணக்கியல் படிக்க அனுப்பிய பிள்ளை ஏணியில் ஏறிவிட்டது என்று ஸ்காபரோக் கோயிலில் காண்கிறவர்களிடமெல்லாம் தாய் குறைப்படுவார். குறைப்பட்டு முடிந்ததும் கைப்பையிலிருந்து போனை எடுத்து, மகள் ஏணியில் நிற்கும் படத்தைக் காட்டுவார்.

சனிக்கிழமைக் காலைகளில் வெக்ஸ்போர்ட்டில் அகதிகளாக வந்தவர்கள் நிறைந்த பலமாடிக் கட்டடம் ஒன்றில் வீடு வீடாகப் புகை அலாம் பார்ப்பது அவளுடைய வேலை. மடக்கு முக்காலி ஒன்றைத் தோளில் கொழுவிக்கொண்டு போவாள். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, பிறகு ஒரு தட்டு. "நான்தான், பிரதீபா. தேத்தண்ணி வேண்டாம், அலாமைப் பாக்க வந்தனான்." கதவு திறக்கும்போது தேத்தண்ணியும் கூடவே வரும்.

தாளிக்கிற புகைக்கு அலாம் அலறாமலிருக்க, பல வீடுகளில் அதற்குக் குளியல் தொப்பி போட்டு வைத்திருப்பார்கள். பிரதீபா முக்காலியில் ஏறி அதைக் கழற்றுவாள். "அன்ரி, உது உங்கட தலைக்கு. வீட்டின்ர தலைக்கில்லை." பறித்த தொப்பிகள் அவளுடைய அலுமாரியில் இருபத்தாறு கிடக்கின்றன. ஒன்றில் வாத்துப் படம். அதன் சொந்தக்காரி மட்டும் கேட்டு வாங்க வந்தாராம். வெறுங்கையோடு அனுப்பிவிட்டாள்.

நெருப்பைப் பற்றி அவளிடம் கேட்டால் தண்ணீரைப் பற்றிப் பேசமாட்டாள். கதவைப் பற்றித்தான் பேசுவாள். "உடைக்கிறதுக்கு நாப்பது செக்கன். உள்ளுக்கு நிக்கிற ஆள் திறந்தா இரண்டு செக்கன். மிச்சம் முப்பத்தெட்டுக்குள்ள எவ்வளவோ நடக்கும்."

இந்த வருடம் பெப்ரவரியில் ஒரு காலை, எல்லைப் பாதுகாப்பு அதிகாரிகள் இருவர் தீயணைப்பு நிலையத்துக்கு வந்தார்கள். நாடுகடத்தும் உத்தரவு உள்ள ஒருவரைத் தேடி அந்தப் பலமாடிக் கட்டடத்தின் 914ஆம் இலக்க வீட்டுக்கு இரண்டு தடவை போயும் கதவு திறக்கவில்லை. உங்களைத்தான் அங்கே எல்லாருக்கும் தெரியுமாமே, ஒருக்கால் வந்து தட்ட முடியுமா என்று கேட்டார்கள். பிரதீபா அதிகம் யோசிக்கவில்லை. ஒரு கதவுதானே என்று போனாள். வழக்கம்போலத் தட்டினாள், வழக்கம்போலப் பேரைச் சொன்னாள்.

கதவு உடனே திறந்தது. அந்த வீட்டு மரியம்மா அன்ரி தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். அவளுக்குப் பின்னால் நின்ற சீருடைகளைப் பார்த்தார். தேடப்பட்டவர் முன்பு அங்கே வாடகைக்கு இருந்தவர், வீடு மாறி இரண்டு வருடமாகிவிட்டது. அதிகாரிகள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். எல்லாமாகப் பதினொரு நிமிடம். மரியம்மா அன்ரி கொண்டுவந்த தேத்தண்ணியைத் திருப்பி உள்ளே கொண்டுபோனார்.

அடுத்த சனிக்கிழமை பிரதீபா தட்டிய கதவுகள் இருபத்திரண்டு. திறந்தவை மூன்று. மற்ற வீடுகளுக்குள் ரீவியின் சத்தம் மட்டும் மெல்லக் குறைந்தது.

அதற்கு அடுத்த கிழமை ஏழாம் மாடியில் ஜெயரட்ணம் அங்கிளின் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. அவர் ஈரத்துவாயோடு அதனுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வெளியே அந்தத் தட்டல் கேட்டிருக்கிறது. துவாயோடு அப்படியே அசையாமல் நின்றுவிட்டார். பிரதீபா கதவை உடைத்தாள். நாற்பது செக்கன். அவருக்குக் கையில் கொப்புளம், ஒரு பக்கத்துப் புருவமும் இல்லை. அம்புலன்ஸில் ஏற்றும்போது சொன்னார்: "பிள்ளை, நீ நெருப்புக்குத்தான் வந்தனி எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?" பிறகு, அவளுடைய முகம் போன போக்கைப் பார்த்து, "புருவம் முளைக்கும். கதவுக்கு ஆர் பொறுப்பு எண்டு யோசி," என்று சிரித்தார்.

ஏப்ரலில் படிவம் வந்தது. குடிவரவு அமலாக்கத்துக்குக் கைகொடுத்த தீயணைப்பாளர்களுக்கும் அம்புலன்ஸ்காரருக்கும் ஆன நேரத்துக்குரிய காசை நிலையத்துக்கு மத்திய அரசு திருப்பிக் கொடுக்கும். கப்டன் ஜோசுவா அதை மேசையில் விரித்து வைத்திருந்தான். இங்கேயே பிறந்தவன், பிரதீபாவைவிட ஆறு வயது இளையவன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்கா, ஒரு மணித்தியாலம் போட்டிருக்கிறன். ஜஸ்ட் ஒரு சைன்."

"என்ன செய்தனான் எண்டு போட்டிருக்கிறியள், கப்டன் தம்பி?"

"கதவு திறக்க உதவி."

"பூட்டின கதவு பத்தொன்பது. அதை எழுத எங்கயாவது இடம் விட்டிருக்கினமோ?"

"அக்கா, எங்களுக்கு டிரையர் வேணும். ஈரக் கையுறையை ஹீட்டர்ல காயப்போட்டுக் கிச்சின் முழுக்க மணக்குது. இப்பிடிச் சேர்த்தால்தான் வாங்கலாம்."

"மணக்கட்டும். உங்கட ரூனா மீன் சான்விச்சைவிட மோசமில்லை."

அவள் பேனையை வாங்கினாள். ஒன்றை வெட்டிப் பூச்சியம் போட்டாள். குறிப்புக் கட்டத்தில் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினாள்: போனேன். போயிருக்கக் கூடாது. இனிப் போகமாட்டேன். பிறகு கையெழுத்திட்டாள்.

"இது மேல போனா உங்களைக் கூப்பிட்டுக் கேப்பினம். அது தெரியும்தானே?" என்றான் ஜோசுவா.

"கேக்கட்டும். அதுக்குத்தானே கீழ பேர் போட்டிருக்கிறன்."

ஜோசுவா தாடையைச் சொறிந்தான். படிவத்தை உறையில் போட்டு ஒட்டினான். பிறகு எழுந்துபோய் ஹீட்டரில் கிடந்த கையுறைகளை மறுபக்கம் புரட்டிவிட்டான்.

மேலிடத்திலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. பிரதீபா அதற்காகக் காத்திருக்கவுமில்லை. வந்த சனிக்கிழமையே 914இன் கதவைத் தட்டி, நான்தான் என்று பேரைச் சொன்னாள். உள்ளே செருப்புச் சத்தம் கேட்டு நின்றது. கதவின் கண்ணாடித் துளை இருண்டது.

"அண்டைக்கும் நான்தான் எண்டுதானே சொன்னனி," என்றது மரியம்மா அன்ரியின் குரல்.

"ஓம் அன்ரி. அது பிழை. அதுக்குக் காசு தாற கடதாசி வந்தது, பூச்சியம் எண்டு எழுதிக் குடுத்திட்டன்."

"கதவுக்கு வெளியில நிண்டு ஆரும் என்னத்தையும் சொல்லலாம்."

"சொல்லலாம்தான்."

"இண்டைக்கு ஆர் உன்ர பின்னால?"

பிரதீபா முக்காலியைச் சுவரோடு சாய்த்து வைத்தாள். துளைக்குள் நடைபாதை முழுவதும் தெரியும்படி எதிர்ச்சுவர்வரை பின்வாங்கினாள். பிறகு இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து அகற்றிப் பிடித்துக்கொண்டு, கடைக் கண்ணாடி முன்னால் புதுச் சட்டை பார்க்கிறவளைப்போல, நின்ற இடத்திலேயே மெல்ல மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள்.