குறுக்கே பேசினால் சிங்கம் தின்னும்

என் அலுவலக மேசையில், கணினிக்குப் பக்கத்தில், ஒரு ஸ்பிங்ஸ் பொம்மை உட்கார்ந்திருக்கிறது. உள்ளங்கை அளவுதான். சிங்க உடம்பு, பெண் முகம், முதுகில் இரண்டு சிறகுகள். எல்லாமே தோல் துண்டுகளில் வெட்டி, உள்ளே பஞ்சு அடைத்துக் கையால் தைத்தது. இடது சிறகு கொஞ்சம் பெரியது. வாயைச் சிவப்பு நூலால் ஒரே கோடாகத் தைத்து மூடியிருக்கிறது. சென்னையில் என்னோடு வேலை செய்பவர்கள் இதை எந்தக் கண்காட்சியில் வாங்கினாய் என்று கேட்பார்கள். கண்காட்சியாவது மண்ணாவது! இதைச் செய்தவள் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் செக்கிங் டேபிளில் நின்ற அக்கா. தைத்து முடிந்து வரும் ஷூக்களை ஜோடி ஜோடியாகத் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை.

அதே கம்பெனியில், புது மாடல்களை முதலில் செய்து பார்க்கும் சாம்பிள் பிரிவில் நான் இருந்தேன். சாயங்காலம் மாதனூர்ப் பக்கம் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் நாங்கள் ஒரு விளையாட்டு ஆடுவோம். வேலூரில் கல்லூரியில் படித்தபோது நான் கற்றுக்கொண்டது அது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள்ளே நடக்க வேண்டும். வீரன், மந்திரக்காரி, திருடி, எது வேண்டுமானாலும். வெட்டு விழுந்ததா தப்பித்தோமா என்பதை டிஃபன் பாக்ஸ் மூடியில் உருளும் பகடை சொல்லும். கதைசொல்லி நான். தையல் லைன் பெண்கள் நாலைந்து பேர், மெஷின் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் அண்ணன், இவ்வளவுதான் எங்கள் கூட்டம். எங்கள் உலகத்தில் பாலாற்றில் வருஷம் பூராவும் தண்ணீர் ஓடும். மாயாஜாலம் என்று ஆன பிறகு அதில் என்ன கஞ்சத்தனம்?

ஆற்றைக் கடந்தால் ஒரு கோட்டை, கோட்டை வாசலில் ஸ்பிங்ஸ். கத்தி அதன்மேல் ஏறாது, மந்திரம் பலிக்காது. அது கேட்கும் கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் வழிவிடும். தப்பாகச் சொன்னால் தின்றுவிடும். கோயில் தூணில் மனுஷ முகமும் மிருக உடம்புமாக ஒன்று நிற்கிறதே, அதற்கு உறவுக்காரி என்றதும் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. ஆனால் நான் நடித்த ஸ்பிங்ஸ் சுத்த வேஸ்ட். நான் போனில் தேடி வைத்த விடுகதைகளை அவர்களும் போனில் தேடி வைத்திருந்தார்கள். கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். மாயச் சிங்கத்துக்கு ஒரு பூனைக்குள்ள மரியாதைகூட இல்லை.

ஒருநாள் முன் இருக்கையிலிருந்த செக்கிங் அக்கா திரும்பி, சிங்கமாக நான் வருகிறேன் என்றாள். அக்காவுக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே வார்த்தை மாட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும். எதிரே இருப்பவர்கள் பாவம் பார்த்து மீதி வார்த்தையைத் தாங்களே சொல்லி முடிப்பார்கள். அந்த இரக்கம் இருக்கிறதே, அதைப் போல எரிச்சல் கிளப்புவது வேறில்லை. கேன்டீனில் அவள் கேட்க வந்தது ஒன்று, தட்டில் விழுவது ஒன்று. அதையாவது தின்று தொலைக்கலாம். செக்கிங் சூப்பர்வைசர் வேலையை இரண்டு தடவை அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் காலையில் எல்லோரையும் நிற்க வைத்து அன்றைய வேலையைச் சொல்ல வேண்டுமாம். உனக்கு எதுக்கும்மா சிரமம் என்றார்களாம். அக்காவுக்கு அந்த வேலை வேண்டும். வேண்டுமென்றால் வேண்டும்தான், அதில் பேச்சே இல்லை.

"ஆனா ஒரு கண்டிஷன். நா முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க பேசக் கூடாது. பேசினா சிங்கம் தின்னுடும்." இதை ஒரு நிறுத்தத்தில் ஆரம்பித்து அடுத்த நிறுத்தத்தில் முடித்தாள்.

அன்றைக்கு அவள் கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ரெண்டு பேரு. ஒண்ணாவே கிளம்புவாங்க. ஒருத்தர் முன்னாடி போனா ஒருத்தர் பின்னாடி..." அடுத்த வார்த்தை தொண்டையில் நின்றது. மெக்கானிக் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாக்கா இது, ஷூ தான! நாள் பூரா அதோடதான மாரடிக்கிறோம்!" என்று எழுந்து நின்றார். தையல் லைன் முழுக்கத் தலையாட்டியது. அக்கா அவரைப் பார்த்தாள். அவசரமே படாமல் தன் கேள்வியைத் தொடர்ந்தாள். "...வருவாங்க. வீட்டுக்கு வந்தா வாசல்ல கழட்டி உட முடியாது." ஷூ இல்லை, கால்! ஷூ கம்பெனிக்காரர்களுக்குக் காலே ஞாபகத்துக்கு வரவில்லை பாருங்கள். அண்ணனைச் சிங்கம் தின்றது. பஸ்ஸில் ஒரே கூச்சல், டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவள் எங்களுக்குச் சிங்கக்கா. அவள் வாயைத் திறந்தால் பஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். அவள் பேச்சு சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முன்பு எப்படித் திக்கியதோ அப்படியேதான் திக்கியது. நாங்கள்தான் காத்திருக்கப் பழகினோம்.

மூன்றாம் தடவை சூப்பர்வைசர் இடம் காலியானபோது அதைக் கேட்க அக்கா மேனேஜர் அறைக்குப் போனாள். சாம்பிள் பெட்டியோடு நானும் அங்கே நின்றிருந்தேன். "சார், இந்த ல..." என்று ஆரம்பித்தாள். "லீவா? எடுத்துக்கம்மா" என்றார் அவர், நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே. அக்கா மேசைமேல் கையை ஊன்றினாள். "சார். நா இன்னும் முடிக்கல." அவர் சிரிப்பு நின்றது. அக்கா திக்கித் திக்கி, ஒரு வார்த்தையையும் விடாமல் சொன்னாள்: "இந்த லைன்ல இருக்கறவங்களுக்கு நா சொல்றது புரியும். அவங்க காத்துட்டிருப்பாங்க. நீங்களும் கொஞ்சம் காத்திருந்தீங்கன்னா போதும்." சரி, சூப்பர்வைசர் வேலையில் மூன்று மாதம் போட்டுப் பார்க்கலாம் என்றார் அவர்.

முதல் நாள் காலை மீட்டிங்கில் நானும் போய் நின்றேன். அக்காவுக்கு ஒரு வார்த்தை மாட்டிக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, பாவம், உதவி செய்கிற நினைப்பில் அதை எடுத்துக் கொடுத்தாள். பின்வரிசையிலிருந்து மெக்கானிக் அண்ணன் குரல் வந்தது. "யம்மா, குறுக்க பேசாத. சிங்கம் தின்னுடும்." கூடமே சிரித்து அடங்கியது. அக்காவும் சிரித்தாள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அந்த வாரமே எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கடையில் கிலோக் கணக்கில் விற்கும் துண்டுத் தோலை வாங்கி, அக்கா இந்த ஸ்பிங்ஸைத் தைத்துக் கொடுத்தாள். ஏன்க்கா வாயை மூடிட்டே என்றேன். "அது கேட்டு முடிச்சிடுச்சு. இனிமே கம்பெனிக்காரங்க பதில் சொல்லட்டும்" என்றாள்.

நேற்று மதியம் அக்காவிடமிருந்து போன். மூன்று மாதம் முடிகிற நாள். ஹலோ வந்தது, பிறகு "ப..." என்று ஓர் எழுத்து, பிறகு மூச்சு மட்டும். பர்மனென்ட்டாக இருக்கலாம். பழைய டேபிளுக்கே போ என்று சொல்லியிருக்கலாம். கேட்டுவிடத்தான் நாக்கு துடித்தது. ஸ்பிங்ஸைக் கையில் எடுத்து, அந்தச் சிவப்பு நூலை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து, லைன் கட்டாயிடுச்சா என்றாள்.

"இல்ல. அக்கா பேசிட்டிருக்காங்க."

பர்மனென்ட். கடைசி எழுத்து வரைக்கும் அக்காவே சொன்னாள்.