பூமேசா வீட்டுக்கு வந்த அப்பா

பூமேசா வேன் ஓட்ட ஆரம்பித்த புதிதில் அவள் வண்டியில் ஏற ஆள் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் ம்தன்சானேயிலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சாலையோரம் நின்று கையை நீட்டுவார்கள். வண்டி நிற்கும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பதைப் பார்த்ததும், நீட்டின கையால் தலையைச் சொறிந்துகொள்வார்கள். சிலர் திடீரென்று ஞாபகம் வந்தவர்கள் மாதிரி வீட்டுப் பக்கமே திரும்பி நடப்பார்கள். பதினைந்து பேர் உட்காரக்கூடிய வேன், காற்றை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய்த் திரும்பும்.

பூமேசா சளைக்கிற ரகம் இல்லை. அவள் அப்பா இதே தடத்தில் வேன் ஓட்டியவர். பத்து வயதிலிருந்து அந்த வண்டியைக் கழுவித் துடைத்தவளுக்கு அதன் வயிற்றுவலி காய்ச்சல் எல்லாம் அத்துப்படி. 2009-இல் அப்பா போய்ச் சேர்ந்தார், அம்மா அதற்கு முன்பே. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஸ்டாண்டில் இடம் பிடிக்க ஆம்பளை டிரைவர்களோடு அவள் மல்லுக்கு நின்றதைத் தனிக்கதையாகவே சொல்லலாம். ஒருவன் சாவியைப் பிடுங்கி எறிந்தானாம். அவள் தன்னிடமிருந்த இன்னொரு சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாளாம்.

அவள் வண்டியில் முதன்முதலில் ஏறிய ஆம்பளை வெல்கம். டவுனில் ஒரு துணிக்கடைக்குக் காவலாளி, அறுபத்து மூன்று வயது. பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது. எதையும் வரவேற்றுப் பழக்கம் இல்லாத மனுஷன். மழை பெய்தால் திட்டுவார், பெய்யாவிட்டால் அதற்கும் ஒரு திட்டு வைத்திருப்பார். பெண் ஓட்டும் வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததே, பக்கத்திலிருந்து குறை சொல்ல வசதி என்றுதான். ஆனால் ஊரில் பெரிய மனுஷர் ஏறிவிட்டார் என்றதும் மற்றவர்களும் ஏறினார்கள். இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது.

பூமேசாவும் லும்காவும் கல்யாணம் செய்துகொண்டபோதே வெல்கம் நாலு மாதம் எதிர்த்துப் பேசினார். லும்காவும் பெண்தான், ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர். அதிர்ந்து பேசத் தெரியாது, ஆனால் சர்ச்சில் பாட எழுந்தால் கூரைத் தகரம் அதிரும். கிறிஸ்துமஸுக்கு அனாதைக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் பாடப் போனவளைக் கூட்டிவரப் போனபோதுதான் பூமேசா மினென்ட்லேயைப் பார்த்தாள். இரண்டரை வயதுப் பெண். பேருந்து நிலையத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன பிள்ளை. பூமேசாவின் வண்டிச் சாவியைப் பிடித்தது, விடவே இல்லை. சாவியை வாங்க மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். மூன்றாம் நாள் சாவி வேண்டாம், பிள்ளைதான் வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

சட்டப்படி இதில் வம்பே கிடையாது. இரண்டு பெண்கள் சேர்ந்து குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்று நாட்டின் பெரிய கோர்ட்டு இருபது வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் கோர்ட்டு ஒன்று சொன்னால், வேனுக்குள் அதற்கு அப்பீல் உண்டு. பூமேசா விண்ணப்பம் போட்ட செய்தி கசிந்த நாளிலிருந்து தினமும் காலை ஆறே காலுக்கு வழக்கு கூடியது. வாதி வெல்கம். அப்பா இல்லாத வீட்டில் வளரும் பிள்ளையை ஊர் கேலி செய்யும், அது தாங்காது என்பார். பின்சீட்டு நர்ஸ் ஒருத்தி, 2010 உலகக் கோப்பைப் பந்தாட்டம் பார்க்கப் போன தன் புருஷன் இன்னும் திரும்பவில்லை, அப்பா அவ்வளவு அவசியம் என்றால் முதலில் தன் பிள்ளைகளுக்கு ஒன்றைத் தேடிக் கொடுக்கச் சொல்லுவாள். பைபிள் கொண்டுவருகிற அம்மாள் ஒருத்தி பைபிளைத் திறப்பாள். பக்கத்து சீட்டுக்காரி அதே பைபிளை வாங்கி வேறு பக்கம் திறப்பாள். டிரைவர் சாலையைப் பார்த்து ஓட்டுவாள். எப்போதாவது ஒரு வார்த்தை போடுவாள், வண்டியே சிரிக்கும்.

வெல்கமின் ஒரே ஒரு கேள்வி மட்டும் அவளையும் உறுத்தியது. யார் பெற்ற பிள்ளையோ, அதற்குக் குலப்பேர் எது? குலப்பேர் இல்லாமல் கோசா ஜனங்களிடையே ஒருவர் எப்படி நடமாடுவது? பூமேசா டோலோ குலம், அதனால் ஊரில் அவளை மாடோலோ என்பார்கள். வெல்கமும் டோலோதான். ரத்த உறவு இல்லை, ஆனால் ஒரே குலம் என்றால் அப்பா வயதுக்காரர் அப்பா முறைதான்.

இந்த அப்பா முறைதான் பிறகு கழுத்தில் கத்தியாக வந்து உட்கார்ந்தது.

வீட்டைப் பார்வையிட மிஸ் ஆரன்சே வருகிறாள் என்று தெரிந்தது. சமூகநல அதிகாரி, கேப்டவுன்காரி, ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவள், கோசா குலமுறை தெரியாதவள், தத்துக்கான அறிக்கை அவள் கையில். அறிக்கை நன்றாக இருந்தால் பிள்ளை வரும், இல்லையென்றால் வராது. லும்கா மூன்று நாள் சுவரைத் துடைத்தாள். பக்கத்து வீட்டு மாரதேபே மட்டும் நிம்மதி இல்லாமல் திரிந்தாள். நல்லவள், யாரிடமும் கேட்காமல் நல்லது செய்கிற நோய் ஒன்று உண்டு. ஆம்பளை இல்லாத வீட்டை அதிகாரிக்குக் காட்டினால் எப்படி என்று யோசித்து, தெருவில் இருந்த ஒரே டோலோ ஆம்பளையை சர்ச்சுக்குப் போடும் கோட்டு சூட்டு போடவைத்து அனுப்பி வைத்துவிட்டாள். குலத்து வீட்டுக்கு விருந்தாளி வரும்போது பெரியவர் உட்கார்ந்திருப்பது கடமை என்று சொன்னாளாம். கடமை என்ற வார்த்தையைக் கேட்டால் வெல்கமுக்கு வாதம் மறந்துவிடும்.

மிஸ் ஆரன்சே உள்ளே வந்தபோது, இருப்பதிலேயே நல்ல நாற்காலியில், முழங்கால் மேல் தொப்பியை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். மிஸ் ஆரன்சேயின் முதல் கேள்வி அவருக்குத்தான்.

"நீங்க யாரு?"

"நான் இவளுக்கு அப்பா."

மிஸ் ஆரன்சே கோப்பைப் புரட்டினாள். மூன்றாவது பக்கத்தில், முத்திரையோடு, பூமேசாவின் அப்பாவுடைய இறப்புச் சான்றிதழ் இருந்தது.

"அவரு இறந்துபோனதா இருக்கே."

"அது பெத்த அப்பா. பாவம், நல்ல மனுஷன். நானும் அப்பாதான்."

"இந்த வீட்லயா இருக்கீங்க?"

"டோலோ குலத்து வீடு எங்க இருந்தாலும் அது என் வீடுதான்."

அவர் சொன்னதில் ஒரு சொல் பொய் கிடையாது. ஆனால் மிஸ் ஆரன்சேயின் பேனா நின்றுவிட்டது. குழந்தை வரப்போகிற வீட்டில் யார் இருந்தாலும் அவர்களுக்குப் போலீஸ் சான்று வேண்டும். ஒரு ஆம்பளையை மறைத்து வைத்து மனு போட்டிருக்கிறார்கள் என்றால் கோப்பு அத்தோடு மூடப்படும். பூமேசா வியர்த்துப்போய்க் குலமுறையை விளக்கினாள். இவர் இங்கே இருப்பவர் இல்லை, நாலு வீடு தள்ளி இருக்கிறார், தன் வண்டியில் வருகிறவர் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது ஜோடித்த கதை மாதிரிப் பட்டது.

மிஸ் ஆரன்சே அவரையே பார்த்தாள். "சரி, அப்பான்னே வெச்சுக்குவோம். இந்தக் குழந்தை இந்த வீட்டுக்கு வர்றதுல உங்களுக்குச் சம்மதமா?"

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மாரதேபே, ஆமாம் என்று சொல்லும்படி தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். வெல்கம் தொப்பியை ஒருமுறை திருப்பி வைத்தார்.

"சம்மதம் இல்ல."

லும்கா கொண்டுவந்த தேநீர்த் தட்டை அப்படியே மேசையில் வைத்தாள்.

"தெனம் காலையில இவ வண்டியில உக்காந்து இதையேதான் சொல்றேன்," என்றார் வெல்கம். "ஆறு வருஷமா ஏதாவது சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். வேற டிரைவரா இருந்தா பாலத்துக்கிட்டயே எறக்கி விட்டிருப்பான். இவ ஒரு நாள் எறங்குங்கன்னு சொன்னதில்ல. போன வருஷம் எனக்கு முட்டியில ஆபரேஷன். ஒரு மாசம் என் வீட்டு வாசலுக்கே வந்து ஏத்திக்கிட்டா. அப்பவும் நான் வாய மூடல."

"அப்ப குழந்தை வந்துட்டா என்ன செய்வீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியாத மாதிரி இருந்தது. "வந்துட்டா ஆடு வெட்டிக் குலத்துல சேக்கணும். யார் செய்வா? இந்தத் தெருவுல டோலோ ஆம்பள நான் ஒருத்தன்தானே. நான் ஒத்துக்கிறது வேற, ஆடு வேற."

மிஸ் ஆரன்சே வெகுநேரம் எழுதினாள். கிளம்பும்போது வாசலில் பூமேசாவிடம், இவர் பேசுவதெல்லாம் குழந்தை காதில் விழுமே என்று கேட்டாள்.

"விழட்டும் மிஸ். நான் சொல்ற பதிலும் விழும்ல."

அன்று பூமேசா சாப்பிடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று லும்காவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாரதேபே மன்னிப்பாக ஒரு பானை சோளமும் பீன்ஸும் வேகவைத்துக் கொடுத்தனுப்பினாள், அதையும் தொடவில்லை. பிறகு பதினோரு நாள் வேனில் வழக்கு கூடவில்லை. வெல்கம்கூட ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை, திட்டினாலாவது தேவலை என்று இருந்தது. பன்னிரண்டாம் நாள் அறிக்கை வந்தது. குழந்தையைத் தரலாம் என்று இருந்தது. எதிர்க்கிறவரும் கைவிடாத வீடு என்று அதில் ஒரு வரி இருந்ததாக லும்கா படித்துச் சொன்னாள். ஐந்து மாதம் கழித்துக் குழந்தைகள் கோர்ட்டில் கையெழுத்தானது. மினென்ட்லே வீட்டுக்கு வந்தாள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ஆட்டுக்கு நாள் குறித்தார்கள். வெள்ளாடு, மறு இல்லாதது. முற்றத்து மூலையில் பலகைகளை நட்டுத் தொழுவம் மாதிரி அடைத்திருந்தார்கள். தெருவே வந்திருந்தது, பாதி ஆசீர்வாதம் பண்ண, மீதி என்ன ஆகிறது என்று பார்க்க. வெல்கம் கையிலிருக்கும் சடங்கு ஈட்டியின் முனை பட்டதும் ஆடு கத்தவேண்டும். கத்தினால் முன்னோர்கள் பிள்ளையை ஏற்றுக்கொண்டார்கள். கத்தாவிட்டால் இல்லை. ஸ்டாண்டுக்காரர்களுக்குப் பயப்படாதவள், அதிகாரிகளுக்கு அசையாதவள், இப்போது ஒரு ஆட்டின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் கை அவள் கைக்குள் இருந்தது. லும்கா சமையலறைக் கதவோரம் ஒதுங்கி நின்றாள், முன்னால் வந்து நின்றால் பெரியவர்கள் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று.

வெல்கம் தொண்டையைச் செருமிக் குலத்து முன்னோர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "டோலோ, ட்லங்கமன்ட்லா, பெரியவங்களே, இதோ உங்க பேத்தி மினென்ட்லே. இவ அம்மா, நம்ம பூமேசா."

ஈட்டி பட்டது. ஆடு சும்மா இருந்தது. இன்னொரு தரம் சொல்லி, இன்னொரு தரம் தொட்டார். ஆடு எதையோ அசைபோட்டது. கூட்டத்தில் தலைகள் குனிந்தன. இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது. பூமேசாவின் கண் நிறைந்துவிட்டது, அவள் அதை மறைக்கவில்லை.

வெல்கம் ஈட்டியைக் கீழே இறக்கினார். சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை கதவோரம் போய் நின்றது. ஆட்டுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அவருக்குத் தெரிந்திருந்தது, தான் எதைச் சொல்லாமல் விழுங்கினோம் என்று.

"பெரியவங்களே, மன்னிக்கணும், பாதிதான் சொன்னேன்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "இந்தப் புள்ளைக்கு அம்மா ரெண்டு பேரு. ஒருத்தி பூமேசா. இன்னொருத்தி அதோ கதவுகிட்ட நிக்கிறா, ம்பிங்கா குலத்துப் பொண்ணு, லும்கா. எனக்கு இதுல இன்னும் சம்மதம் இல்ல. அத நாம அப்புறம் பேசிக்கலாம். அதுக்காகப் புள்ளைய வெளிய நிக்க வெக்காதீங்க."

மூன்றாம் முறை ஈட்டி தொட்டது. ஆடு தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தியது. சமாகு, சமாகு, முன்னோர்களுக்கு நன்றி என்று கூட்டம் மொத்தமும் வணங்கிச் சொன்னது. அந்தச் சத்தத்தில் மிரண்டுபோன மினென்ட்லே பூமேசாவின் கையை உதறிவிட்டு, கதவோரம் நின்றவளிடம் அழுதுகொண்டே ஓடினாள்.